வண்டியின் வயதைப் பார்க்காதீர்கள், நிலைமையைப் பாருங்கள்!

இருபது வருஷம் தாண்டிய ஒரு ஜீப்பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால், அதன் சொந்தக்காரர் ரூ.10,000 கட்ட வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி இந்தக் கட்டணத்தை நிர்ணயித்தது. 2022 ஏப்ரலுக்கு முன்பு இதே வேலைக்கு ரூ.600 தான். அந்த மாதம் முதல் பதினைந்து வருஷம் தாண்டிய கார், ஜீப்புகளுக்கு ரூ.5,000 ஆயிற்று. இப்போது இருபது வருஷம் தாண்டினால் அதுவும் இரட்டித்து விட்டது. தொழிலாளியின் மோட்டார் சைக்கிளும் தப்பவில்லை. ரூ.300 ஆக இருந்தது ரூ.1,000 ஆகி, இருபது வருஷத்துக்குப் பிறகு ரூ.2,000 ஆகியிருக்கிறது.

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கட்டும் பணம்தானே, இதற்கு ஏன் இத்தனை கூச்சல் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் ஜீப்புக்கு வருஷத்துக்கு ரூ.2,000 தான் வருகிறது. இதனால் யாரும் நடுத்தெருவில் நிற்கப் போவதில்லை என்பது உண்மையே. ஆனால் கட்டணத்தை விட அதன் பின்னால் இருக்கும் எண்ணம்தான் கவனிக்க வேண்டியது. "பழைய வண்டி என்றால் கெட்ட வண்டி, அதை வைத்திருப்பவனுக்கு அபராதம் போடு" என்பதே அந்த எண்ணம். இது சரியா?

புனேயில் இந்தக் கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்கப்படுவது அல்ல. பிம்ப்ரியிலும் சிஞ்ச்வாட்டிலும் ஆகுர்டியிலும் போசரியிலும் சாக்கணிலும் அடுப்பு எரிவது மோட்டார் தொழிலால்தான். வண்டி செய்பவர், உதிரி சாமான் கடைபவர், டயர் விற்பவர், பழுது பார்ப்பவர், ஓட்டுகிறவர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பியிருக்கின்றன. அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் கணிசம். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களுக்கு ஜீப் என்பது பிறந்தது முதல் பழகிய வண்டி. ராணுவம் கழித்து ஏலம் விட்ட ஜீப்பை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பூட்டி, மகனுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக் கொடுப்பது அப்படிப்பட்ட குடியிருப்புகளில் அதிசயமான காட்சியல்ல.

இந்த ஜீப் பிரியர்கள் கூடும் இடங்களில் மூன்று வாதங்கள் அடிபடுகின்றன. ஒன்று, கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டி ஆடம்பரம் அல்ல. இரண்டு, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டிக்கு வயது இல்லை. மூன்று, வரி போடுகிறவர்கள் வண்டியை அடிக்கோல் கொண்டு அளக்கிறார்களே தவிர, அதன் உபயோகத்தை அளப்பதில்லை. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றையும் அப்படியே ஒப்புக் கொண்டு விடவும் முடியாது.

ஜீப் வந்த வழி

இரண்டாம் உலக யுத்தத்தில் வில்லீஸ், போர்டு என்ற இரண்டு அமெரிக்க கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. யுத்தம் முடிந்த 1945-ல் தொடங்கிய மகிந்திரா கம்பெனி, 1947 முதல் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. சுதந்திரம் அடைந்த தேசத்தில் தார் ரோடு குறைவு. மண் பாதையே அதிகம். கலெக்டர், பொதுப்பணித்துறை என்ஜினீயர், தோட்ட மானேஜர், மலேரியா ஒழிப்பு இலாகா என்று எல்லோருக்கும் ஜீப் தேவைப்பட்டது.

1953-ல் தீர்வைக் கமிஷன், இந்தியாவிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ள கம்பெனிகளுக்குத்தான் இடம் என்று சிபாரிசு செய்தது. வெறுமனே பூட்டி விற்று வந்த ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் மூட்டை கட்டின. அதன் பிறகு லைசென்ஸ் ராஜ்யம். யார் எதைச் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை டில்லியில் தீர்மானித்தார்கள். போட்டி இல்லாததால் அதே பழைய ஜீப்பே பல பத்தாண்டுகள் சின்னச் சின்ன மாறுதல்களோடு விற்பனையாயிற்று. வாங்குகிறவனுக்கு இது நஷ்டம்தான். அதிர்ந்து குலுங்கும் வண்டியைப் புது விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் இதிலும் ஒரு நன்மை விளைந்தது. மாடல் மாறாததால் உதிரி சாமான் எங்கும் கிடைத்தது. காஷ்மீரில் உடைந்த ஜாயிண்டுக்குக் கன்னியாகுமரியில் மாற்று கிடைக்கும். மெக்கானிக் ஒரு ஜீப்பைக் கற்றுக் கொண்டால் தேசத்தில் உள்ள அத்தனை ஜீப்பையும் கற்றுக் கொண்டவன் ஆனான். சென்னைப் புதுப்பேட்டையும் புனேயின் ஜூனா பஜாரும் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை எகிறியபோது ஜீப்பின் தலைவிதியும் மாறியது. பெட்ரோல் ஜீப்பை வைத்துக் கட்டுப்படியாகவில்லை. பேஜோ என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் டீசல் எஞ்சினை மகிந்திரா பொருத்தியது. இங்கே புனேயில், 1958-ல் ஜெர்மனியின் டெம்போ கம்பெனியுடன் சேர்ந்து மூன்று சக்கர வண்டியில் ஆரம்பித்த பஜாஜ் டெம்போ, பின்னர் மாட்டடார் வேனையும் எண்பதுகளில் டிராக்ஸ் வண்டியையும் கொண்டு வந்தது. அதில் ஓடியது மெர்சிடிஸ் கம்பெனியின் டீசல் எஞ்சின். 1994-ல் டெல்கோவின் சுமோ, 1998-ல் சபாரி, இரண்டும் புனே தொழிலாளர் கையால் வந்தவை. டீசலுக்கு சர்க்கார் விலைக் கட்டுப்பாடு இருந்தவரை இந்த வண்டிகளுக்குச் சுக்கிர தசை. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

ஆக, ஜீப் எப்படி இருக்க வேண்டும், எந்த எண்ணெயில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் என்ஜினீயர் மட்டும் தீர்மானித்ததில்லை. தீர்வைக் கமிஷனும் லைசென்ஸும் டீசல் விலையும் சேர்ந்துதான் தீர்மானித்தன. எனவே ஜீப் பிரியர்கள் பொருளாதார அரசியல் பேசினால் அதை வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

ஆடம்பரமா, அவசியமா?

2013 மத்திய பட்ஜெட்டில் பெரிய ஜீப் வகை வண்டிகளுக்குக் கலால் வரி 27 சதவீதத்திலிருந்து 30 ஆயிற்று. இவை ரோட்டிலும் நிறுத்துமிடத்திலும் அதிக இடத்தை அடைத்துக் கொள்கின்றன, ஆகவே அதிக வரி தாங்க வேண்டும் என்று நிதி மந்திரி ப.சிதம்பரம் காரணம் சொன்னார். எது பெரிய வண்டி என்பதற்கு மூன்று அளவுகள்: நீளம் 4,000 மில்லி மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 170 மில்லி மீட்டருக்கு மேல்.

இதன் விளைவு வேடிக்கையானது. சாக்கண் தொழிற்சாலையில் தயாரான எக்ஸ்.யூ.வி. 500 என்ற வண்டியின் தரை இடைவெளியை மகிந்திரா கம்பெனி 160 மில்லி மீட்டராக இறக்கி விட்டது. மேடு பள்ளத்தில் தட்டாமல் போவதற்காகத்தான் இந்த ரக வண்டியை உயர்த்திக் கட்டுகிறார்கள். வரிக்குப் பயந்து அதைக் குனிய வைக்க வேண்டியதாயிற்று! கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் அடிக்கோலை நீட்டினால், வியாபாரி அந்தக் கோலுக்குள் அடங்கத்தான் பார்ப்பான்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இந்த அடிக்கோல் போகவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வந்த மாற்றத்தில் நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள்ளும் டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்குள்ளும் இருந்தால் 18 சதவீதம். மற்றவற்றுக்கு 40 சதவீதம். மகிந்திராவின் தார் வண்டியை எடுத்துக் கொள்ளுங்கள். மூன்று கதவு தார் நான்கு மீட்டருக்குள் அடங்கியதுதான். 2023-ல் அதில் 1,500 சி.சி.க்குள் டீசல் எஞ்சின் போட்டு, பின் சக்கரம் மட்டும் இழுக்கும்படி ஒரு ரகம் விட்டார்கள். அதற்கு வரி 18. நாலு சக்கரமும் இழுக்கும் 2,184 சி.சி. டீசல் ரகத்துக்கு வரி 40. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட போர்ஸ் மோட்டார்ஸின் கூர்க்கா வண்டிக்கும் எஞ்சின் 2,596 சி.சி. ஆகையால் 40 தான். சேற்றில் உண்மையாகவே இறங்கக் கூடிய வண்டிக்கு இரட்டிப்புக்கு மேல் வரி. அதைப் போலத் தோற்றம் மட்டும் உள்ள வண்டிக்குச் சலுகை!

நியாயமாகச் சொன்னால் கிராமத்துக்கு நன்மை ஒன்றும் இல்லாமல் போய்விடவில்லை. நாட்டுப்புறத்தில் அதிகம் ஓடும் பொலேரோ 1,493 சி.சி. எஞ்சின் கொண்டது, நீளம் நான்கு மீட்டருக்குள். அதற்கு 31 சதவீதமாக இருந்த வரி 18 ஆகக் குறைந்திருக்கிறது. இது வரவேற்க வேண்டியதே.

நிதி மந்திரி அன்று சொன்ன காரணத்திலும் பாதி உண்மை இருக்கிறது. இந்தியாவில் இப்போது விற்பனையாகும் சொந்த உபயோக வண்டிகளில் பாதிக்கும் மேல் இந்த உயர்ந்த ரக வண்டிகள்தான். அவற்றில் பெரும்பாலானவை மண் ரோட்டைக் கண்ணால் கூடக் காண்பதில்லை. லட்சுமி ரோட்டில் ஒற்றை ஆள், இரண்டு டன் வண்டியில் உட்கார்ந்து கொண்டு, அத்தனை பஸ்களையும் சைக்கிள்களையும் மறித்து நிற்கிறார். அவரிடம் அதிக வரி கேட்பதில் தவறு என்ன?

ஆனால் முல்ஷியிலும் வெல்ஹேயிலும் அம்பேகாவ் தாலுகாவிலும் மலைச் சரிவில் இருக்கும் வாடிகளுக்கு அதே சட்டத்தை வைத்துப் பார்க்க முடியாது. மழைக்காலத்தில் சஹ்யாத்ரி மலைப் பாதை இருக்கும் நிலை அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். 2014 ஜூலை 30 அன்று அம்பேகாவ் தாலுகாவின் மாலின் கிராமம் மண்சரிவில் புதைந்து 150 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே கிராமத்தையே காணோம் என்ற செய்தியை வெளியுலகுக்குக் கொண்டு வந்தவர், வழக்கம் போல் அந்தப் பாதையில் வந்த எஸ்.டி. பஸ் டிரைவர். மீட்புப் படையினர் மழையிலும் சேற்றிலும் போராடித்தான் போய்ச் சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றிக் கொண்டு இறங்குகிற ஜீப்பை ஆடம்பரம் என்று யார் சொல்வார்கள்?

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக் கொண்டு மலையேறும் ஜீப்புகளை அவர்கள் பார்த்து வளர்ந்தவர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி ஏறாது. அங்கே ஜீப் என்பது கூலிக்காரனின் பஸ். அதில் அளவுக்கு மீறி ஆட்களை அடைத்துச் செல்வதைத் தடுக்க வேண்டும். வண்டியைத் தடுக்கக் கூடாது.

பராமரிப்பு என்ற தர்மம்

இரண்டாவது வாதம் பராமரிப்பைப் பற்றியது. இதில்தான் ஜீப் பிரியர்களிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலை எல்லோரும் அறிவார்கள். சுவிட்சர்லாந்தில் 1914-க்கும் 1925-க்கும் இடையே கட்டிய நீராவி எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் அந்த மலையை ஏறின. திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் அவற்றைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி அனுப்பிக் கொண்டே இருந்தார்கள். பிறகு அதே மாதிரியில் எண்ணெயில் ஓடும் புது எஞ்சின்களையும் அந்தப் பணிமனையே கட்டியது. புனேயில் தாபோடியில் இருக்கும் எஸ்.டி. மத்தியப் பணிமனையும் இப்படிப்பட்டதே. 1948 ஜூன் 1 அன்று புனேயிலிருந்து அகமத்நகருக்கு (இன்றைய அகில்யாநகர்) முதல் பஸ்ஸை விட்ட எஸ்.டி., இத்தனை காலம் மலையிலும் காட்டிலும் பஸ் ஓட்டுகிறது என்றால் அதற்குப் பணிமனைகளே முதுகெலும்பு.

சொந்த வண்டி வைத்திருப்பவருக்குத்தான் இந்த ஒழுங்கு வருவதில்லை. வண்டி ரோட்டில் நின்ற பிறகே மெக்கானிக்கைத் தேடுவார்.

"அண்ணே, கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க?" என்று மெக்கானிக் கேட்டால், "போன தீபாவளிக்குன்னு நினைக்கிறேன் தம்பி" என்று பதில் வரும். எந்த வருஷத்துத் தீபாவளி என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியாது.

ஜீப் வகை வண்டிக்கு வேண்டிய கவனம் தனி. நாலு சக்கரமும் இழுக்கும் கியரைச் சேறு, மணல், சரளை போன்ற வழுக்கும் தரையில் மட்டுமே போட வேண்டும். பழைய ஜீப்பில் அந்தக் கியரோடு காய்ந்த தார் ரோட்டில் வளைந்தால் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டி வரும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் அந்த முறுக்கு கியர் பெட்டியையும் டயரையும் தின்று விடும்.

ஓடையில் இறங்கி ஏறினால் வேறு ஆபத்து உண்டு. ஓடிச் சூடான டிபரன்ஷியல் பெட்டி சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வீடு திரும்பியதும் ஆயிலைச் சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்து விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மாற்றினால் சில நூறு ரூபாயோடு போகும். ஆறு மாதம் விட்டால் பல்சக்கரமும் பேரிங்கும் போய்விடும். தண்ணீரை விட்டு ஏறியதும் பிரேக்கை இரண்டு மூன்று தரம் லேசாக மிதித்து உலர்த்திக் கொள்வதும் அவசியம். ஜாயிண்டுகளுக்கு கிரீஸ் அடிப்பது, ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முடுக்குவது, தூசி ரோட்டில் ஓடி வந்தால் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வது எல்லாம் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலைகள்.

புகையே வண்டியின் நோய்க்குறி. டீசல் வண்டி கறுப்பாகப் புகை விட்டால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் போகிறது. வடிகட்டியையும் நாசிலையும் பம்பையும் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை என்பது எரியாமல் வீணாகப் போகும் டீசல்தான். தேவைப்படும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் தேசம் இது. ஒரு நாசிலைச் சரி செய்கிற மெக்கானிக்கும் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்துகிறார். இதை எந்தப் பட்ஜெட் பிரசங்கத்திலும் சொல்வதில்லை.

காலண்டரா, பரிசோதனையா?

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிறவரின் இருபது வருஷ ஜீப்பையும், ஒன்றுமே செய்யாதவரின் எட்டு வருஷ வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சட்டம் முதலாவதைத்தான் பிடிக்கிறது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து வருஷத்துக்குச் செல்லும். அந்தப் பதினைந்து வருஷத்தில் புகைச் சான்று ஒன்றைத் தவிர, பிரேக் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் ஆடுகிறதா என்று எந்த சர்க்கார் அதிகாரியும் பார்ப்பதில்லை. பதினாறாவது வருஷம்தான் எல்லோருக்கும் அந்த வண்டி ஞாபகம் வருகிறது. புகைச் சான்றின் லட்சணமும் ஊரறிந்ததே. குழாயில் கருவியை நுழைக்காமலே காகிதம் கையில் கிடைக்கிற இடங்கள் இருக்கின்றன.

டில்லியில் நடந்ததைப் பார்த்தால் காலண்டர் முறையின் குறை விளங்கும். பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தலைநகர்ப் பிரதேசத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பங்குகளில் பெட்ரோலும் டீசலும் கிடையாது என்றார்கள். ஜனங்களின் எதிர்ப்பில் சில நாட்களிலேயே அது நின்று போயிற்று. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அதே கோர்ட், இந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4 மற்றும் அதற்கு மேற்பட்ட புகைத் தரத்தில் தயாரான வண்டிகளுக்கு மட்டுமே என்று திருத்தியது. வயதிலிருந்து புகைக்குக் கவனம் திரும்பியதே ஒரு முன்னேற்றம்.

பழைய எஞ்சின் எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 எஞ்சினைப் போல் சுத்தமாக எரியாது என்பதை ஜீப் பிரியர்களும் ஒப்புக் கொள்ள வேண்டும். ஸ்வார்கேட்டிலும் பிம்ப்ரி சௌக்கிலும் நாள் முழுவதும் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரருக்கும் தெருவோர வியாபாரிக்கும் நுரையீரல் ஒன்றுதான். நெரிசல் மிகுந்த நகர நடுவில் பழைய டீசல் வண்டிக்குக் கட்டுப்பாடு போட்டால் அதை எதிர்க்க நியாயம் இல்லை. ஆனால் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோ மீட்டர் மலைப் பாதையில் ஓடும் ஜீப்பையும், தினமும் நகரத்தைச் சுற்றும் வண்டியையும் ஒரே தராசில் நிறுப்பது எந்த ஊர் நியாயம்?

ஜெர்மனியில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைப் பரிசோதிக்கிறார்கள். பிரிட்டனில் மூன்று வருஷம் முடிந்ததிலிருந்து வருஷா வருஷம் பரிசோதனை. தேறினால் ஓட்டலாம், தேறாவிட்டால் சரி செய்து கொண்டு வர வேண்டும். அங்கே கேள்வி வண்டியின் நிலைமையைப் பற்றியது. புனேயிலேயே 1966 முதல் மோட்டார் வாகன ஆராய்ச்சி நிலையமான ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது. தேசத்தில் ஓடும் வண்டிகளுக்குத் தரம் சொல்லும் ஸ்தாபனத்தைப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டு, பரிசோதனைக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது.

பழைய வண்டியை உடைத்துப் போட்டு அத்தாட்சி வாங்கி வந்தால், புது வண்டிக்கு மோட்டார் வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று 2021-ல் விதி செய்தார்கள். உபயோகமற்றுப் போன வண்டிக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சலுகை முழுவதும் புது வண்டி வாங்குகிறவருக்கே போகிறது. புது வண்டி வாங்க வசதி இல்லாமல், இருப்பதைச் செப்பனிட்டு ஓட்டும் குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் என்ன சலுகை? அவர் வாங்கும் உதிரி சாமானுக்கு 18 சதவீத வரி. புதிய சிறு காருக்கும் அதே 18. சேமிப்பவனுக்கும் செலவழிப்பவனுக்கும் ஒரே வரி என்றால், சேமிப்பதை ஊக்குவிப்பது எப்படி?

பிரியர்களுக்கும் கடமை உண்டு

சர்க்காருக்குப் புத்தி சொல்வது சுலபம். ஜீப் பிரியர்களின் நடத்தையையும் பார்க்க வேண்டும். வண்டியின் முன்னால் இரும்புக் கம்பிக் கூண்டு மாட்டக் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சர்க்கார் சொல்லி விட்டது. அதில் மோதும் பாதசாரிக்கும் ஆபத்து, மோதலின் வேகத்தை வண்டியின் சட்டத்துக்கே கடத்துவதால் உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் யானைக் கால் போன்ற டயரும், கண்ணைப் பறிக்கும் விளக்கு வரிசையுமாகத் திரிகிறவர்கள் குறையவில்லை.

இன்னும் சிலருக்கு ஜீப் வாங்கி விட்டால் ஆறு, காடு, புல்வெளி எல்லாம் தங்கள் சொத்து என்ற நினைப்பு வந்து விடுகிறது. சத்தாரா பக்கத்துக் காஸ் பீடபூமியில் பாறை மேல் படிந்திருப்பது மெல்லிய மண். மழைக்காலப் பூக்களெல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு டயர் தடம் விழுந்தால் சீக்கிரத்தில் ஆறாது. மலைக் கிராமத்தானுக்கு ஜீப் அவசியம் என்ற நியாயத்தைக் காட்டி, பட்டணத்துக்காரர் தன் விளையாட்டுக்கு வரிச் சலுகை கேட்பது நேர்மை ஆகாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, சொந்த வண்டிகளுக்கு எட்டாவது வருஷம் முதலே மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் கருவி மூலம் பிரேக், புகை, ஸ்டீயரிங் பரிசோதனை வேண்டும். தேறும் வண்டிக்கு, அது எத்தனை வயதானாலும், சாதாரணக் கட்டணமே வாங்க வேண்டும். தேறாத வண்டி புதிதானாலும் ரோட்டில் விடக் கூடாது.

இரண்டாவதாக, நீளத்தையும் சி.சி.யையும் மட்டும் பார்த்து வரி போடும் முறை மாற வேண்டும். மலைத் தாலுகாக்களில் பெர்மிட் வாங்கிப் பிரயாணிகளை ஏற்றும் வண்டி, ஆஸ்பத்திரி வண்டி, விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் வண்டி ஆகியவை நாலு சக்கரமும் இழுப்பவையாக இருந்தால் 40 சதவீத வரியிலிருந்து விலக்குத் தர வேண்டும். நகரத்தில் பவனி வருகிறவர் கட்டட்டும்.

மூன்றாவதாக, பிரேக், டயர், வடிகட்டி, நாசில் போன்று பாதுகாப்புக்கும் புகைக் குறைப்புக்கும் வேண்டிய சாமான்களுக்கு வரி குறைய வேண்டும்.

நான்காவதாக, மரத்தடியில் வேலை செய்யும் மெக்கானிக்குகளுக்குப் புது வண்டிகளின் கம்ப்யூட்டர் நுணுக்கங்களைக் கற்றுத் தர ஐ.டி.ஐ.களில் மாலை வகுப்புகள் வேண்டும். லைசென்ஸ் காலத்து ஜீப்பை எவரும் கற்றுக் கொள்ள முடிந்தது. இன்றைய வண்டியைத் திறக்கவே கம்பெனியின் கருவி வேண்டியிருக்கிறது. பழுது பார்க்கும் தொழில் ஏழைகளின் கையை விட்டுப் போனால், பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து மேஸ்திரியாக உயரும் வழியும் அடைபட்டு விடும்.

இவை எல்லாம் நடக்கும் வரை வண்டிக்காரர் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்றைக்கு ஆயில் மாற்றியது, எத்தனை கிலோ மீட்டரில் பிரேக் பார்த்தது, எந்தச் சாமான் எந்தக் கடையில் எடுத்தது என்று தேதி போட்டு எழுதி, ரசீதுகளையும் சேர்த்து வைக்கட்டும். விற்கும் நாளில் நல்ல விலைக்கு அது சாட்சி. விபத்து வழக்கு வந்தால் அதுவும் ஒரு ஆதாரம். "உன் வண்டிக்கு வயதாகி விட்டது" என்று அதிகாரி சொல்லும்போது, எடுத்து மேஜை மேல் வைக்க அதை விடப் பொருத்தமான பதில் இல்லை.